பாதிச் சூட்டில் இறக்கிய கோப்பைகள்

போன மாதம் பாலக்கோட்டிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெங்களூரில் பழைய கரண்ட் சூளை ஒன்று விலைக்கு வருகிறதாம், ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே சொல்கிறார்களாம், "வாங்கலாமா அக்கா?" என்று கேட்டாள். அரை மணி நேரம் பேசினேன். போனை வைத்த பிறகும் மனசு ஆறவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியைக் கேட்க எனக்கு ஓர் ஆள் இல்லை. கேட்க வேண்டும் என்றே தெரியவில்லை என்பதுதான் உண்மை. யாரிடமும் கேட்காமல் சூளை வாங்கிய பிறகான பதினாலு மாதத்தில் என்ன நடந்தது, எவ்வளவு பணம் போனது, எங்கே தப்பு செய்தேன் என்பதை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். அப்பா மண்பாண்டம் செய்கிறவர். கார்த்திகைக்கு அகல், பொங்கலுக்குப் பானை, மற்ற நாளில் களி கிண்டும் சட்டி, தண்ணீர்ப் பானை. ஏரி மண் கொண்டு வந்து காய வைத்து, தட்டி, ஊற வைத்து, மிதித்துப் பதமாக்குவது அம்மாவும் நானும். வனைந்த பானையின் அடியைத் தட்டுப்பலகையும் கல்லும் வைத்துத் தட்டி உருட்டுவதும் நாங்கள்தான். சக்கரத்தில் உட்கார்வது மட்டும் அப்பாவும் அண்ணனும். பெண் பிள்ளை சக்கரத்தைத் தொடக்கூடாது என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனாலும் யாரும் தொட்டதில்லை. பிளஸ் டூ முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். அண்ணன் லாரி ஓட்டப் போய்விட்டான். அப்பாவுக்கு முழங்கால் வலி வந்ததும் சக்கரம் திண்ணை ஓரம் சாய்ந்து நின்றது. ஊருக்கு வரும்போதெல்லாம் அதைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கம்பெனியில் கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி பெங்களூரில் நடந்த ஒரு வாரக்கடைசி வகுப்புக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேதான் முதன்முதலாகச் சக்கரத்தின் முன் உட்கார்ந்தேன். மண் கைக்குள் நடு நிலைக்கு வந்து ஆடாமல் சுழன்ற அந்த நிமிஷம் அழுதுவிட்டேன். இருபது வருஷம் இந்த மண்ணை மிதித்திருக்கிறேன், இது இப்படி நிற்கும் என்று என் கைக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. அப்புறம் அங்கே அலமாரியில் இருந்த கோப்பைகளைப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி மேல்பூச்சு (கிளேஸ் என்பார்கள்), தட்டினால் வெண்கலச் சத்தம். ஸ்டோன்வேர் என்றார்கள். மூன்று மாதம் சனி ஞாயிறு போய்க் கற்றுக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். நமக்கு மண் தெரியும், மீதி என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். அங்கேதான் முதல் பிசகு.

எங்கள் வீட்டுச் சூளை வைக்கோலும் வரட்டியும் விறகும் அடுக்கி, மேலே ஓட்டாஞ்சில்லும் மண்ணும் மூடி எரிப்பது. எழுநூறு, எண்ணூறு டிகிரியைச் சுற்றித்தான் அதன் சூடு. அந்தச் சூட்டில் மண் கல்லாகும், ஆனால் அதன் நுண்துளைகள் மூடாது. தண்ணீர்ப் பானை கசிந்து கசிந்துதான் குளிர்ச்சி கொடுக்கிறது. ஸ்டோன்வேர் ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேலே போய், மண்ணே பாதி உருகி இறுகி, துளை மூடிக்கொள்ளும் பண்டம். இரண்டும் மண்தான், இரண்டுக்கும் சூத்திரம் வேறு. இதை வகுப்பில் சொல்லித்தான் கொடுத்தார்கள். நான் காதில் வாங்கினேன், கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நகையை அடகு வைத்து 1,35,000 ரூபாய்க்கு ஒரு பழைய கரண்ட் சூளை வாங்கினேன். வண்டி, இறக்குக் கூலி 11,000. திரீ பேஸ் இணைப்பு, வயரிங் எல்லாம் 42,000. (2023 செப்டம்பரில் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் குயவுத் தொழிலும் இருக்கிறது. பயிற்சியோடு கருவிக்கு 15,000 ரூபாயும், முதல் தவணையாக 5 சதவீத வட்டியில் ஒரு லட்சம் வரை கடனும் உண்டு. அன்றைக்கு இது இல்லை. இன்று தொடங்குகிறவர்கள் அடகுக் கடைக்குப் போகும் முன் இதை விசாரித்துவிடுங்கள்.) முதல் தடவை சூளையை ஏற்றினேன். ஆயிரம் வரை ஒழுங்காக ஏறியது. 1130-ல் நின்றுவிட்டது. பதினேழு மணி நேரம் கரண்ட் ஓடியும் அதற்கு மேல் ஒரு டிகிரி ஏறவில்லை. விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் இரண்டு. ஒன்று, எங்கள் பக்கம் மாந்தோப்பு மோட்டார்கள் எல்லாம் ஓடும் நேரத்தில் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 200-தான் வந்தது. வோல்ட் பதின்மூன்று சதவீதம் குறைந்தால் சூடும் அதே அளவுதான் குறையும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. சூடு வோல்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230-க்குப் பதில் 200 வந்தால் ஏறக்குறைய கால் பங்கு சக்தி போய்விடும். இரண்டாவது, உள்ளே இருந்த கம்பிச் சுருள் பழசு. பழக்கத்தில் அதன் மின்தடை கூடிக்கொண்டே போகும், சூடு குறைந்துகொண்டே வரும். சுருள் மாற்ற 22,000 ஆனது. அதனால் பழைய சூளை வாங்கப் போகிறவர்கள், விற்கிறவர் கண்ணெதிரே அதை 1200-க்கு மேல் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் சுருள் விலையைக் கழித்துப் பேசுங்கள். சூளைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஓர் எலக்ட்ரீஷியனை வைத்து உங்கள் வீட்டில் ஒரு வாரம் காலை, மதியம், இரவு என வோல்ட் அளந்து நோட்டில் எழுதுங்கள். எனக்கு இரவு பத்து மணிக்கு மேல் 225 வந்தது. இன்றுவரை கிளேஸ் பூசியதைச் சுடும் சூளையை இரவில்தான் ஏற்றுகிறேன். டிஜிட்டல் எண்ணையும் முழுசாக நம்ப வேண்டாம். உள்ளே சூட்டை அளக்கும் தெர்மோகப்புள் கம்பி பழகப் பழகத் தப்புக் காட்டும். குறிப்பிட்ட சூட்டில் வளைகிற கோன் என்ற சின்னக் கூம்பை உள்ளே வைத்தால், மண் உண்மையில் எவ்வளவு வெந்தது என்று அது சொல்லும்.

சுருள் மாற்றியதும் சூளை 1220-ஐத் தொட்டது. அன்று உள்ளே இருந்தது எங்கள் ஏரி மண்ணில் வனைந்த முப்பத்திரண்டு கிண்ணங்கள். அப்பாவின் மண், என் கை, புதுச் சூளை என்று அத்தனை ஆசையாக அடுக்கியிருந்தேன். மறுநாள் மூடியைத் திறந்தால் கிண்ணம் ஒன்றையும் காணோம். கறுப்பாக, கொப்புளம் கொப்புளமாக, வெல்லப்பாகு கொட்டின மாதிரி, கிண்ணங்களை அடுக்கியிருந்த சூளைத் தட்டுகளில் உறைந்து கிடந்தது. நம் பக்கத்துச் செம்மண்ணிலும் வண்டலிலும் இரும்பு அதிகம். இரும்பும் மற்ற உப்புகளும் மண்ணைச் சீக்கிரம் உருக்கிவிடும். அந்தச் சூட்டுக்கு நெய்வேலி, பண்ருட்டிப் பக்கத்து வெள்ளைக் களிமண் மாதிரியான மண் வேண்டும். அந்த மண்ணை நம்பித்தான் விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலே வளர்ந்தது. மூன்று சூளைத் தட்டுகள் போயின, 16,000 ரூபாய். பத்து ரூபாய்கூடச் செலவில்லாத ஒரு வேலையைச் செய்திருந்தால் இது நடந்திருக்காது. எந்தப் புது மண்ணையும் முதலில் சின்ன வில்லையாகச் செய்து, ஏற்கெனவே சுட்ட ஒரு சில்லின் மேல் வைத்துச் சுட வேண்டும். உருகினால் சில்லோடு போகும், தட்டு தப்பிக்கும். தட்டின் மேல் உருகாத அலுமினாப் பொடியும் வெள்ளைக் களிமண்ணும் கரைத்துப் பூசி வைப்பதும் அன்றைக்கே பழகியிருக்க வேண்டியது.

அதற்கப்புறம் செய்ததைத்தான் எழுதவே கஷ்டமாக இருக்கிறது. ஓசூர் போகும் ரோட்டில் புதிதாகத் திறந்த ஒரு டீக்கடைக்காரர் 240 கோப்பை கேட்டார், ஒன்று 180 ரூபாய், முன்பணம் 20,000. வாங்கின ஸ்டோன்வேர் மண் விலை அதிகம் என்று அதில் பாதிக்கு ஏரி மண்ணைக் கலந்தேன். 1220-க்குப் பயந்து 1080-ல் இறக்கினேன். அந்தச் சூட்டுக்கென்று விற்கிற கிளேஸ் வாங்கிப் பூசினேன். சூளை திறந்தபோது கோப்பைகள் அத்தனை அழகாக இருந்தன. கொடுத்துவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். பதினெட்டாம் நாள் அவர் போன் செய்தார். கோப்பை முழுக்க நூல் நூலாக வெடிப்பு, அதற்குள் டீக்கறை, வைத்த இடமெல்லாம் மேஜையில் ஈர வட்டம். எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு முன்பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரு கோப்பையில் தண்ணீர் ஊற்றித் திண்ணையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "பாதிச் சூட்டுல இறக்கிட்ட கண்ணு. பானைக்கு இது ஜாஸ்தி, பீங்கானுக்கு இது பத்தாது" என்றார். எந்தக் கருவியும் வைத்து அளக்காமல் சொன்னார்.

மூன்று மாதம் பட்டறைக் கதவைத் திறக்கவில்லை. சுருள், தட்டு, வீணான மண்ணும் கிளேஸும் 48,000 என்று மொத்தம் 86,000 ரூபாய் எனக்குத் திரும்ப வராத பணம். நகை வட்டி தனி. ஓசூர் வேலைக்கே திரும்பப் போய்விடலாமா என்று இரண்டு தடவை பஸ் ஸ்டாண்ட் வரை போயிருக்கிறேன். கடைசியில் போனது பாண்டிச்சேரிக்கு. ஊத்தங்கரை, திருவண்ணாமலை வழியாகப் பஸ். 1971-ல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியதிலிருந்து அந்த ஊரைச் சுற்றி ஸ்டோன்வேர் செய்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் முன்பின் தெரியாத ஒருவர் என் உடைந்த கோப்பையை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு தராசை எடுத்தார். கிளேஸ் பூசாத துண்டை உலர்ந்தபடி நிறுத்தார், 100 கிராம். தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஊற வைத்து, துடைத்து மறுபடி நிறுத்தார், 111 கிராம். பதினொரு சதவீதம் தண்ணீர் குடிக்கிற மண்ணில் டீ குடிக்கக் கொடுத்திருக்கிறேன். ஸ்டோன்வேர் என்றால் இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. துளையுள்ள மண் ஈரத்தை இழுத்து மெல்ல உப்பும். மேலே கண்ணாடியாக ஒட்டிய கிளேஸால் கூடவே நீள முடியாது, அதனால்தான் நாள் கழித்து வெடிக்கிறது. ஆறும்போது மண்ணைவிட அதிகமாகச் சுருங்குகிற கிளேஸாக இருந்தால் சூளையிலேயே வெடிக்கும். ஐந்நூறு ரூபாய் சமையல் தராசு ஒன்று என்னிடம் இருந்திருந்தால் அந்த 240 கோப்பையும் கடைக்குப் போயிருக்காது.

உயிரோடு சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். குறைந்த சூட்டில் பளபளவென்று வரும், விலையும் குறைவு என்று பெயர் எழுதாத பொட்டலத்தில் கிளேஸ் பொடி விற்க வருவார்கள். அப்படி வருவதில் ஈயம் இருக்கலாம். புளிக்குழம்பும் ரசமும் எலுமிச்சையும் ஈயத்தைக் கரைத்து வயிற்றுக்குள் கொண்டுபோய்விடும். எலுமிச்சைத் துண்டை ஒரு ராத்திரி வைத்துப் பார்ப்பது கிளேஸ் பலவீனமா என்று காட்டும், ஈயம் இல்லை என்று காட்டாது. ஈயம் இல்லை என்று எழுதிக் கொடுக்காத பொடியைச் சாப்பாட்டுப் பாத்திரத்தில் பூசவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். இன்னொன்று தூசி. காய்ந்த மண்ணிலும் கிளேஸ் பொடியிலும் இருக்கிற சிலிக்கா நுரையீரலில் படிந்தால் திரும்பி வராது. கல்குவாரியில் வேலை பார்த்து இருமி இருமியே போனவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை குடும்பத்தில் இருக்கிறார்கள்! பட்டறையை விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பொடி கலக்கும்போது துணிக்கட்டு போதாது, தூசிக்கான முகக்கவசமே வேண்டும்.

பாண்டிச்சேரியிலிருந்து வந்த பிறகு ஒரு வருஷம் வில்லைகளாகவே சுட்டேன். பாத்திரம் ஒன்றும் விற்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு நாள் மண் வேலை காட்ட முடியுமா என்று கேட்டார்கள். பணத்துக்காகத்தான் போனேன். நாற்பது பிள்ளைகள், ஒரு சக்கரம். ஒரு பையன் மண்ணைத் தொட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மற்றவர்கள் போன பிறகு மெதுவாக வந்து, "மிஸ், இது ஏன் நடுவுல நிக்குது?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. கைக்குத் தெரிந்தது, வாய்க்கு வரவில்லை. அன்று ராத்திரி முழுக்க அதையே யோசித்தேன். முழங்கையைத் தொடையில் ஊன்றிக் கையை அசையாமல் வைத்தால், மண்தான் சுற்றி வந்து வந்து அந்தக் கைக்குத் தன்னைப் பொருத்திக்கொள்கிறது. நாம் தள்ளுவதால் நிற்பதில்லை. மறுவாரம் நானாகவே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் அவனிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவன் "சரி மிஸ்" என்று சொல்லிச் சக்கரத்தில் உட்கார்ந்தான். அந்த நாளின் சந்தோஷத்தை எந்தச் சூளை திறந்தபோதும் நான் அனுபவித்ததில்லை.

அப்படியே வீட்டில் சனி ஞாயிறு வகுப்பு தொடங்கியது. ஆரம்பத்தில் ஆளுக்கு 300 ரூபாய் வாங்கினேன். மண், கிளேஸ், இரண்டு தடவை சூளைக் கரண்ட் எல்லாம் கழித்தால் கையில் நாற்பது ரூபாய் நின்றது. ஆறு மாதம் அப்படியே ஓட்டினேன், கூச்சம்தான் காரணம். இப்போது சுட்டுக் கொடுப்பது வரை சேர்த்து 900. ஒரு நேரத்தில் ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, ஏழாவது ஆளின் கையைப் பார்க்க முடியாது. செய்ததை அன்றே எடுத்துக்கொண்டு போக முடியாது, மூன்று வாரம் ஆகும், சில சமயம் உடையும் என்று பணம் வாங்கும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டு ஓர் அம்மாவின் கண்ணீரைப் பார்த்திருக்கிறேன், அவர் பேத்தி செய்த யானை சூளையில் சிதறிவிட்டது. காற்றுக்குமிழால் வெடித்தது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் வெடிக்க வைப்பது உள்ளே மிஞ்சிய ஈரம், நீராவியாகிப் பிளக்கிறது. ஐப்பசி மழையில் வெளியே காய்ந்த மாதிரி தெரியும், கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும். சில்லென்று இருந்தால் சூளைக்குள் வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் 90 டிகிரியிலேயே நாலைந்து மணி நேரம் நிறுத்தி வையுங்கள்.

வகுப்புக்கு வருகிறவர்கள் எனக்குக் கொடுத்ததும் நிறைய. கிரானைட் பாலிஷ் வேலை பார்க்கும் ஓர் அண்ணன் வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் அறுப்பு மெஷின் அடியில் படிகிற கல்பொடியை டப்பாவில் கொண்டுவந்து, "இது உங்களுக்கு எதுக்காச்சும் ஆகுமா?" என்றார். கிரானைட்டில் இருப்பது பெரும்பாலும் ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற தாதுக்கள்தான், கிளேஸுக்கு வேண்டிய அதே சரக்கு. கல்பொடி பாதி, சலித்த மாமரச் சாம்பல் கால், போரான் ஃப்ரிட் (சீக்கிரம் உருகுகிற கண்ணாடிப் பொடி) கால் என்று கலந்து சுட்டோம். ஏழாவது வில்லையில் தேன் நிறம் வந்தது. வைரத்தூள் பிளேடால் அறுத்த பொடிதான் சரிப்படும், இரும்புக் குருணையும் சுண்ணாம்பும் போட்டு அறுக்கிற இடத்துப் பொடி வேறு மாதிரி வரும். சாம்பல் கையை அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஊர்க் கல்லும் இந்த ஊர் மாமரமும் ஒரு கோப்பையின் மேல் சேர்ந்து உருகியிருப்பதை அந்த அண்ணன் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போது என் பட்டறையில் நன்றாக விற்பது அந்தக் கோப்பைதான்.

ஏரி மண்ணையும் விடவில்லை. அதை அதற்குரிய சூட்டில், மண்பாண்டமாகவே சுடுகிறோம். அதற்கு ஆசிரியர் அப்பா. முழங்கால் மடங்காததால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தட்டுப்பலகை பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறார். மண்ணை விரலில் தேய்த்து, வெள்ளைக் குருணை தட்டுப்பட்டால் "சுக்கான், சலிக்கணும்" என்பார். சுண்ணாம்புக் குருணை சுட்டபின் ஈரம் பட்டு உப்பி, பானையில் பொரி பொரியாகத் தெறிக்கும். நான் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்ததை அவர் விரல் நுனியில் வைத்திருந்தார், நான்தான் கேட்காமல் இருந்தேன். எங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானைகளைப் பற்றி ஒரு மாணவி கேட்டபோது, உள்ளே வைக்கோல் அடைத்துப் பானையைக் கவிழ்த்து வைத்தால் காற்றுப் படாத உள்பக்கம் கறுக்கும், வெளிப்பக்கம் சிவக்கும் என்று சொல்லி, அடுத்த சூளையில் செய்தும் காட்டினார்.

பாலக்கோட்டுப் பெண் நேற்று நேரில் வந்தாள். சூளையை இன்னும் வாங்கவில்லை. ஒரு வாரத்து வோல்ட் கணக்கை நோட்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள், மதியம் 196 வரை இறங்கியிருக்கிறது. கூடவே ஒரு கேரி பையில் அவள் ஊர் ஏரி மண். அப்பா அதைக் கிள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தார். ஆறு வில்லை செய்தோம். காய்ந்ததும் வில்லைக்கொரு சூட்டில் சுட வேண்டும், ஒவ்வொன்றின் அடியிலும் வைக்க உடைந்த டீக்கோப்பையின் சில்லுகளைப் பொறுக்கி வைத்திருக்கிறேன்.